ஒரே பக்கம், ஒவ்வொரு பிரவுசரிலும் ஒரு கோலம்: காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் ஒரு கோவிலுக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ அகப்பக்கம் செய்து கொடுப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பக்கத்தைத் திறக்கிற எல்லாருடைய கையிலும் ஒரே கருவி இருக்காது. கோலாலம்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் புது ஐபோனில் பார்ப்பார்கள். தோட்டத்தில் இருக்கும் தாத்தா, பேரன் கொடுத்த பழைய ஐபோனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் பார்ப்பார். கோவில் நிர்வாக அறையில் விண்டோஸ் 7 ஓடும் மேசைக் கணினி இன்னும் இருக்கும். திருவிழா உபயப் பட்டியலை ஏற்றிய அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிடும். “தம்பி, தேதி பாதிதான் தெரியுது.” “எனக்கு நல்லா இருக்கே, அண்ணே.” இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

எங்கே வேறுபாடு தொடங்குகிறது என்று தேடிப் பிடிக்கும் வழியை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். பலர் புகார் வந்தவுடன் சிஎஸ்எஸ் கோப்பைத் திறந்து மார்ஜினைக் கூட்டிக் குறைக்கிறார்கள். ஒரு கைப்பேசியில் சரியாகும், அப்புறம் இன்னொன்றில் கெடும். எந்தக் கருவி, எந்த என்ஜின், எந்த உறுப்பு, எந்த விதி என்ற நாலுக்கும் பதில் கிடைக்கும் வரை ஒரு வரியையும் தொடாதீர்கள். வேலையில் பெரும்பகுதி இந்த விசாரணைதான். திருத்தம் பெரும்பாலும் இரண்டு வரியில் முடியும்.

## முதலில் ஆளிடம் கேளுங்கள்

முழுத்திரை ஸ்கிரீன்ஷாட் ஒன்று வேண்டும். மேலே இருக்கும் முகவரிப் பட்டையும் அதில் தெரிய வேண்டும். பெரியவர்களுக்கு எடுக்கத் தெரியவில்லை என்றால், வீட்டில் இன்னொரு கைப்பேசியால் அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்பினாலும் போதும்.

அடுத்து, கருவியின் மாடல், இயங்குதளத்தின் பதிப்பு, பிரவுசரின் பெயர். முகநூலுக்குள் இருந்தபடியே இணைப்பைத் தட்டினாரா, தனியாகப் பிரவுசரில் திறந்தாரா? எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருக்கிறாரா? இப்படி ஒரு பேச்சு போகும்:

“ஐயா, ஐபோனா ஆண்ட்ராய்டா?”

“ஐபோன்தான் தம்பி. ஆனா குரோம்ல பாக்கிறேன்.”

“செட்டிங்ஸ்ல ஜெனரல், அதுல அபவுட். அங்க ஒரு நம்பர் இருக்கும், பாத்துச் சொல்றீங்களா?”

“12.5.7னு போட்டிருக்கு.”

இந்த ஒரு எண்ணிலேயே பாதி விடை வந்துவிட்டது. ஏன் என்று அடுத்து வருகிறது.

## பெயர் பல, என்ஜின் மூன்று

பிரவுசர்களின் பெயர் எத்தனை இருந்தாலும், பக்கத்தை வரைகிற என்ஜின் இன்று முக்கியமாக மூன்றுதான். பிளிங்க்: குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ், சாம்சங் இன்டர்நெட் எல்லாம் இதில் ஓடுகின்றன. வெப்கிட்: சஃபாரி. கெக்கோ: ஃபயர்ஃபாக்ஸ். பிளிங்க், 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்து வந்தது. எட்ஜ் 2020 ஜனவரியில் பிளிங்குக்கு மாறியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்கென்று எழுதிய பழைய வித்தைகள் உங்கள் கோப்பில் இருந்தால் நீக்கிவிடலாம்.

ஐபோனில் இருக்கும் குரோமும் உள்ளே வெப்கிட்தான். வேறு என்ஜினுக்கு ஆப்பிள் முதன்முதலில் அனுமதி கொடுத்தது 2024இல், ஐஓஎஸ் 17.4இல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள். மலேசியாவில் வாங்கிய ஐபோனில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எதைத் திறந்தாலும் வரைவது வெப்கிட். அந்த வெப்கிட் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருவதால், ஆப் ஸ்டோரில் குரோமைப் புதுப்பித்தும் பயனில்லை. 12.5.7 என்று சொன்ன ஐயாவிடம் இருப்பது ஐபோன் 6 மாதிரி பழைய கருவி. அதில் குரோம் என்று எழுதியிருந்தாலும் சஃபாரி 12 காலத்து என்ஜின்தான் வேலை செய்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் புகார்களைச் சட்டென்று பிரிக்கலாம். ஐபோனின் குரோம், சஃபாரி இரண்டிலும் கெட்டு, ஆண்ட்ராய்டில் நன்றாக இருந்தால் வெப்கிட் பக்கம் பாருங்கள். ஒரு விண்டோஸ் குரோமில் கெட்டு, இன்னொரு விண்டோஸ் குரோமில் நன்றாக இருந்தால் என்ஜின் காரணமில்லை. பதிப்பு, திரை, எழுத்துரு, அமைப்புகள் இவற்றில் ஒன்றுதான் காரணம்.

## பிரவுசரைக் குறை சொல்லும் முன்

பழைய சிஎஸ்எஸ் கோப்பு கேஷில் தங்கியிருக்கலாம். கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தி ஏற்றச் சொல்லுங்கள். கைப்பேசியில் மறைநிலைச் சாளரத்தில் திறந்தால் போதும். அதில் எக்ஸ்டென்ஷன்களும் பெரும்பாலும் ஓடாது என்பதால் இரண்டு சந்தேகம் ஒரே நேரத்தில் தீரும்.

பிறகு ஜூம். யாரோ எப்போதோ 110 சதவிகிதத்தில் வைத்திருப்பார்கள். கன்ட்ரோலும் பூஜ்யமும் சேர்த்து அழுத்தினால் 100க்குத் திரும்பும்.

விண்டோஸின் ஸ்கேலிங் இதைவிட மறைவானது. 1366 பிக்சல் அகல மடிக்கணினியில் ஸ்கேலிங் 125 சதவிகிதம் என்றால், பிரவுசருக்குத் தெரியும் அகலம் சுமார் 1093தான். உங்கள் மீடியா குவெரி 1100இல் மாறுகிறது என்று வையுங்கள். பக்கத்து மேசையில் அதே மாடல், அதே குரோம், ஸ்கேலிங் மட்டும் 100. அங்கே மூன்று நெடுவரிசை, இங்கே ஒன்று. இரண்டு கணினியிலும் எஃப்12 அழுத்திக் கன்சோலைத் திறந்து ‘விண்டோ.இன்னர்விட்த்’ என்ன எண் காட்டுகிறது என்று ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

## பக்கத்தின் தலைப்பகுதி

முதல் வரியில் டாக்டைப் இருக்கிறதா? இல்லையென்றால் பிரவுசர் குவர்க்ஸ் மோடுக்குப் போய், பழைய காலத்துப் பக்கங்களின் கணக்கில் வரையத் தொடங்கும். கோப்பில் எழுதியிருந்தும் சில நேரம் அதற்கு முன்னால் வேறு எழுத்து ஒட்டிக்கொள்ளும். சர்வரில் பிஎச்பி ஒரு எச்சரிக்கையை அச்சிட்டால், அது டாக்டைப்புக்கு மேலே போய் உட்கார்ந்துவிடும். கன்சோலில் ‘டாக்குமென்ட்.காம்பேட்மோட்’ என்று கேளுங்கள். ‘சிஎஸ்எஸ்1காம்பேட்’ என்றால் சரி. ‘பேக்காம்பேட்’ என்றால் மற்ற எல்லாத் தேடலையும் நிறுத்திவிட்டு இதை முதலில் சரிசெய்யுங்கள்.

வியூபோர்ட் மெட்டா வரி இல்லாவிட்டால் கைப்பேசி உங்கள் பக்கத்தை 980 பிக்சல் அகலத்துக்கு வரைந்து, அதைச் சுருக்கிக் காட்டும். கணினியில் குறையே தெரியாது. அகலத்துக்கு ‘டிவைஸ்-விட்த்’, தொடக்க அளவுக்கு 1, இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டியது. பெரிதாக்கிப் பார்ப்பதைத் தடுக்கும் மதிப்புகளை அதில் சேர்க்காதீர்கள். தோட்டத்துப் பெரியவர்களுக்கு விரலால் பெரிதாக்கிப் படிக்கிற வசதி அவசியம்.

எச்டிஎம்எல் குறியில் மொழியைத் தமிழ் என்று குறித்துவிடுங்கள். மலாய் வரிகள் நடுவில் வந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் மலாய் என்று குறியுங்கள். எழுத்துருத் தேர்வுக்கும் திரைவாசிப்பான்களுக்கும் இது உதவும்.

டபிள்யூ3சியின் வேலிடேட்டரில் ஒருமுறை பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். மூடாத டிவ் ஒன்று இருந்தால் அதைத் தாண்டி எதைச் சரிசெய்தாலும் நிற்காது.

## எந்த உறுப்பு வெளியே தள்ளுகிறது?

பக்கம் பக்கவாட்டில் ஆடுவதுதான் அதிகம் வரும் புகார். சிஎஸ்எஸ்ஸின் கடைசியில் தற்காலிகமாக ஒரு விதி எழுதுங்கள்: நட்சத்திரக் குறி போட்டு எல்லா உறுப்புக்கும் ‘அவுட்லைன்’ 1 பிக்சல் சிவப்பு. ‘பார்டர்’ போடக் கூடாது, ஏனென்றால் பார்டர் இடத்தை எடுத்துக்கொண்டு அமைப்பையே மாற்றிவிடும். அவுட்லைன் இடம் எடுக்காது. இப்போது திரையின் வலது ஓரத்தைத் தாண்டி நீளும் பெட்டி எது என்று கண்ணுக்கே தெரியும்.

இந்த வேலைக்கு ஃபயர்ஃபாக்ஸின் டெவலப்பர் கருவி எனக்கு மிகவும் பிடிக்கும். எஃப்12 அழுத்தி இன்ஸ்பெக்டரில் பார்த்தால், உருளும் உறுப்பின் பக்கத்தில் ‘ஸ்க்ரோல்’ என்றும், அதைத் தள்ளுகிற உறுப்பின் பக்கத்தில் ‘ஓவர்ஃப்ளோ’ என்றும் சிறு முத்திரை தெரியும். நீங்கள் எழுதிய ஒரு பண்பு அந்த இடத்தில் வேலை செய்யவில்லை என்றால் அதை மங்கலாக்கி, ஏன் என்றும் சொல்லும். குரோமை மட்டுமே பயன்படுத்துகிறவர்கள் இதற்காகவாவது ஃபயர்ஃபாக்ஸை நிறுவிக்கொள்ளுங்கள்.

வெளியே தள்ளும் பெட்டியில் பேடிங்கும் 100 சதவிகித அகலமும் சேர்ந்திருந்தால், எல்லா உறுப்புக்கும் ‘பாக்ஸ்-சைஸிங்’கை ‘பார்டர்-பாக்ஸ்’ ஆக்குங்கள். இன்னொன்று, ‘100 விடபிள்யூ’ என்று அகலம் கொடுப்பது. விண்டோஸில் ஸ்க்ரோல் பட்டை 15, 17 பிக்சல் அளவுக்கு இடம் பிடிக்கும். விடபிள்யூ அந்தப் பட்டையையும் சேர்த்தே கணக்கிடுவதால் பக்கம் அந்த அளவுக்கு வெளியே நீளும். கைப்பேசியில் பட்டை இடம் பிடிக்காது என்பதால் அங்கே ஒன்றும் தெரியாது. விண்டோஸ் 11இல் ஃபயர்ஃபாக்ஸின் பட்டை இயல்பாக இடம் பிடிப்பதில்லை, குரோமின் பட்டை பிடிக்கிறது. அதனால் ஒரே கணினியில் இரண்டு பிரவுசர் இரண்டு விதமாகக் காட்டும். 100 சதவிகிதம் என்று மாற்றினால் தீர்ந்தது.

கோடு போட்டும் பிடிபடவில்லையா? பக்கத்தை நகலெடுத்து, பாதி எச்டிஎம்எல்லை நீக்குங்கள். பிழை இன்னும் இருக்கிறதா? அப்படியானால் மிச்சப் பாதியில் பாதியை நீக்குங்கள். போய்விட்டதா? நீக்கிய பாதியில் தேடுங்கள். பெரிய பக்கமும் சீக்கிரத்தில் பத்துப் பதினைந்து வரிக்குச் சுருங்கிவிடும். அந்தச் சிறு கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

## தமிழ் எழுத்து: இங்கே நிதானமாக நில்லுங்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நம் பக்கங்களிலோ, என் அனுபவத்தில், முதல் சந்தேகம் எழுத்துரு மேல்தான் விழ வேண்டும்.

விண்டோஸ் 7இல் தமிழுக்கு லதா, விஜயா. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் தனியாகச் சேர்க்க வேண்டிய துணை எழுத்துருக்களாகிவிட்டன. ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என், மேக்கில் இணைமதியும் உண்டு. அந்த எழுத்துருக்களை உருவாக்கியவர் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தந்த நம் நாட்டு முத்து நெடுமாறன். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ். ஒவ்வொன்றின் அகலமும் உயரமும் வேறு. சிஎஸ்எஸ்ஸில் லதா என்று எழுதிவிட்டால் எல்லாருக்கும் லதா வரும் என்று நினைக்கக் கூடாது. அது இல்லாத கருவி தன்னிடம் இருப்பதை எடுத்துக்கொள்ளும்.

கோவில் பக்கத்தின் மெனுவை எடுத்துக்கொள்வோம். முகப்பு, பூசை நேரம், உபயம், நன்கொடையாளர்கள் என்று நாலு பொத்தான். மெனுவின் உயரம் 48 பிக்சல் என்று கட்டிவைத்திருக்கிறது. உங்கள் கணினியில் நாலும் ஒரே வரியில் அழகாக உட்கார்ந்திருக்கும். சற்று அகலமான எழுத்துரு உள்ள கருவியில் ‘நன்கொடையாளர்கள்’ இடம் போதாமல் கீழே இறங்கும். உயரம் கட்டப்பட்டிருப்பதால் மெனு வளராது, இறங்கிய பொத்தான் கீழே இருக்கும் படத்தின் மேல் ஏறிக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் தாத்தாவின் கைப்பேசியிலும் இதே கதைதான். ‘ஹைட்’ என்பதை ‘மின்-ஹைட்’ ஆக்கினால் இரண்டும் சேர்ந்து சரியாகும். எழுத்து இருக்கும் எந்தப் பெட்டிக்கும் உயரத்தைக் கட்டிவைக்காதீர்கள்.

எந்த எழுத்துரு உண்மையில் வருகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. குரோமில் ஒரு வரியை இன்ஸ்பெக்ட் செய்து ‘கம்ப்யூட்டட்’ பகுதியின் அடிக்குப் போனால், திரையில் வரைந்த எழுத்துருவின் பெயர் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் ‘ஃபான்ட்ஸ்’ என்று தனிப் பகுதியே உண்டு.

வரி உயரத்தை நீங்களே சொல்லுங்கள். ‘லைன்-ஹைட்’டைச் சும்மா விட்டால் ஒவ்வொரு எழுத்துருவும் தன் கணக்கில் இடம் விடும். மலாயும் தமிழும் கலந்த உபயப் பட்டியலில், மலாய்ப் பெயர் மட்டும் உள்ள வரிசை குட்டையாகவும் தமிழ் உள்ள வரிசை உயரமாகவும் தெரிவது இதனால்தான். 1.6 அல்லது 1.7 என்று அலகு இல்லாமல் கொடுத்தால் வரிசைகள் சமமாகும். மேலே புள்ளியும் ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் மேல்விலங்கும், கீழே ‘கு’, ‘மூ’ போன்றவற்றின் வளைவும் வெட்டுப்படாமல் இருக்கவும் இந்த இடம் தேவை.

அடுத்து நீளச் சொற்கள். ‘திருப்பணிக்குழுச்செயலாளர்’ என்று சேர்த்து எழுதினால் பிரவுசருக்கு அது உடைக்கக் கூடாத ஒரே சொல். ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் இருக்கும் உறுப்பு, தன்னிடம் உள்ள மிக நீளமான சொல்லை விடக் குறுகாது. அதன் ‘மின்-விட்த்’ இயல்பாகவே ‘ஆட்டோ’ என்று இருப்பதுதான் காரணம். அந்த உறுப்புக்கு ‘மின்-விட்த்’ 0 கொடுத்து, ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ என்பதை ‘பிரேக்-வேர்ட்’ ஆக்குங்கள். ‘எனிவேர்’ என்ற மதிப்பு இன்னும் வசதியானது, ஆனால் சஃபாரி 15.4க்கு முன்னால் அது கிடையாது. மேலே சொன்ன ஐயாவின் கைப்பேசிக்குப் பழைய வழிதான் கைகொடுக்கும். சொல் எங்கே உடைய வேண்டும் என்று நீங்களே முடிவு செய்ய விரும்பினால் ‘டபிள்யூபிஆர்’ குறியைத் ‘திருப்பணிக்குழு’வுக்கும் ‘செயலாளர்’க்கும் நடுவில் வையுங்கள். இடம் போதாதபோது மட்டும் அங்கே உடையும். கண்ட இடத்தில் சொல் அறுபடுவதை விட இது எவ்வளவோ மேல்.

எல்லாக் கருவியிலும் ஒரே முகம் வேண்டுமானால் வெப் எழுத்துரு. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் எல்லாம் இலவசம். வஃப்2 வடிவில், உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணம், தடிப்பு இரண்டையும் ஏற்றுங்கள். தடிப்புக் கோப்பு இல்லாவிட்டால் பிரவுசர் தானே எழுத்தைத் தடிமனாக்கும். அப்போது ‘ணை’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் உள்வளைவு அடைபட்டுப் போகும். செம்பனைத் தோட்டத்துக்குள் சிக்னல் மெதுவாக இருக்கும்போது எழுத்துரு வந்து சேரத் தாமதமாகும். ‘ஃபான்ட்-டிஸ்பிளே’யை ‘ஸ்வாப்’ என்று வைத்தால் அதுவரை கருவியின் சொந்த எழுத்துருவில் படிக்கலாம். பிறகு எழுத்து மாறும்போது வரிகள் சற்று நகரும். நிகழ்ச்சி நேரத்தைத் தேடி வந்தவருக்கு வெற்றுத் திரையை விட அது எவ்வளவோ நல்லது.

‘லெட்டர்-ஸ்பேஸிங்’, ‘ஃபர்ஸ்ட்-லெட்டர்’ இரண்டையும் தமிழுக்குத் தவிர்த்துவிடுங்கள்.

## பழைய கருவிகள்

விண்டோஸ் 7க்குக் கடைசியாகக் கிடைத்த குரோம் 109, 2023 ஜனவரியில் வந்தது. நிர்வாக அறைக் கணினி அங்கேயே நிற்கும். சிஎஸ்எஸ்ஸில் விதிக்குள் விதி எழுதும் நெஸ்டிங் குரோமில் 112இலும், சஃபாரியில் 16.5இலும், ஃபயர்ஃபாக்ஸில் 117இலும்தான் வந்தது. நெஸ்டிங்கில் எழுதிய பக்கத்தை 109இல் திறந்தால் உள்விதிகள் எல்லாம் கழிந்துபோய், நிறமும் அமைப்பும் பாதி இல்லாமல் நிற்கும். நெஸ்டிங் வசதி வேண்டுமானால் சாஸ் போன்ற கருவியில் எழுதி, சாதாரண சிஎஸ்எஸ்ஸாக மாற்றி ஏற்றுங்கள்.

கமா போட்டு அடுக்கிய தேர்விகளில் (செலக்டர்) ஒன்று பிரவுசருக்குப் புரியாவிட்டால் மொத்த விதியும் போய்விடும். ‘ஹேஸ்’ தேர்வி ஃபயர்ஃபாக்ஸ் 121இல்தான் வந்தது. விண்டோஸ் 7இல் ஓடும் ஃபயர்ஃபாக்ஸ் 115க்கு அது தெரியாது. புதுத் தேர்விகளை எப்போதும் தனி விதியாக எழுதுங்கள்.

ஐபோன் 6இல் அடிக்கடி மாட்டுவது ஃப்ளெக்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் விடும் ‘கேப்’. சஃபாரி 14.1க்கு முன்னால் ஃப்ளெக்ஸில் கேப் கிடையாது, பொத்தான்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். சரி, ‘சப்போர்ட்ஸ்’ விதி போட்டுச் சோதித்து மாற்று வழி கொடுக்கலாமே என்று தோன்றும். அது இங்கே ஏமாற்றிவிடும். சஃபாரி 12க்கு கிரிட்டில் கேப் தெரியும் என்பதால் ‘உண்டு’ என்றே பதில் சொல்லும். எனவே பொத்தான்களுக்கு மார்ஜின் கொடுங்கள், அல்லது அந்த வரிசையையே கிரிட்டாக மாற்றுங்கள். கிரிட் ஐஓஎஸ் 10.3 முதல் உண்டு.

அதே கைப்பேசியில் வெப்பி என்ற வடிவில் உள்ள படங்கள் தெரியாது. அவை ஐஓஎஸ் 14இல் வந்தன. ‘பிக்சர்’ குறிக்குள் ஜேபெக் ஒன்றையும் வைத்துவிடுங்கள். ‘ஆஸ்பெக்ட்-ரேஷியோ’ சஃபாரி 15இல் வந்தது. காணொளிச் சட்டத்துக்குப் பழையபடி மேல் பேடிங் 56.25 சதவிகிதம் கொடுத்தால் 16க்கு 9 விகிதம் கிடைக்கும்.

எந்தப் பண்பு எந்தப் பதிப்பில் வந்தது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ‘கேன் ஐ யூஸ்’ தளத்திலோ மொஸில்லாவின் எம்டிஎன் தளத்திலோ பெயரைப் போட்டால் அட்டவணை வரும்.

## ஐபோனுக்கே உரியவை

‘100 விஎச்’ உயரம் கொடுத்த முகப்புப் படத்தின் அடிப்பகுதி ஐபோனில் மறைந்துவிடும். முகவரிப் பட்டை சுருங்கிய நிலையின் உயரத்தைத்தான் சஃபாரி 100 விஎச் என்று கணக்கிடுகிறது. பக்கம் திறக்கும்போதோ பட்டை விரிந்திருக்கும். முதலில் 100 விஎச், அடுத்த வரியில் 100 டிவிஎச் (பட்டைக்கு ஏற்ப மாறும் புது அலகு) என்று இரண்டையும் எழுதுங்கள். புரிகிற பிரவுசர் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். புரியாதது அதைத் தள்ளிவிட்டு முதலாவதில் நிற்கும். சிஎஸ்எஸ் தனக்குத் தெரியாத வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவதால், பழையது முன்னே புதியது பின்னே என்ற இந்த வரிசை எங்கேயும் செல்லும்.

அர்ச்சனைப் பதிவுப் படிவத்தில் பெயர்க் கட்டத்தைத் தட்டியதும் பக்கம் திடீரென்று பெரிதாகிறது என்று சொல்வார்கள். கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருப்பதுதான் காரணம். 16 ஆக்கினால் நிற்கும்.

கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் எழுத்து மட்டும் பெரிதானால் ‘வெப்கிட்-டெக்ஸ்ட்-சைஸ்-அட்ஜஸ்ட்’ 100 சதவிகிதம். நகராமல் நிற்க வேண்டிய பின்னணிப் படம் நின்றபடி இல்லை என்றால், ‘பேக்கிரவுண்ட்-அட்டாச்மென்ட்: ஃபிக்ஸ்ட்’ ஐபோனில் வேலை செய்யாது என்று எடுத்துக்கொண்டு வேறு அலங்காரம் பாருங்கள்.

## மேக் இல்லாமல் எப்படிச் சோதிப்பது

விண்டோஸுக்கான சஃபாரியை ஆப்பிள் 5.1.7 பதிப்போடு 2012இல் நிறுத்திவிட்டது. அதைத் தேடி நிறுவாதீர்கள், இன்றைய ஐபோனைப் பற்றி அது எதுவும் சொல்லாது. குரோமின் டெவலப்பர் கருவியில் ஐபோன் என்று தேர்ந்தெடுத்தால் திரையின் அளவு போன்றவைதான் மாறும், என்ஜின் பிளிங்க்தான். மைக்ரோசாஃப்டின் பிளேரைட் என்ற சோதனைக் கருவியை நிறுவினால் அதோடு ஒரு வெப்கிட் கிடைக்கும், விண்டோஸிலும் ஓடும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வெப்கிட்டில் ஓடும் க்னோம் வெப் பிரவுசர் இருக்கிறது. இரண்டிலும் அமைப்புப் பிழைகள் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் ஆப்பிளின் தமிழ் எழுத்துரு அங்கே இருக்காது. அதற்கு உண்மையான ஐபோன்தான் வேண்டும். பட்டணத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் நல்லபடியாகக் கேட்டால், விற்பனைக்கு வைத்திருக்கும் பழைய ஐபோனில் திறந்து பார்க்க விடுவார்.

ஆண்ட்ராய்டு எளிது. யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிக் கம்பியில் இணைத்து, கணினியின் குரோமில் ‘இன்ஸ்பெக்ட்’ பக்கத்தைத் திறந்தால், கைப்பேசியில் இருக்கும் பக்கத்தை அப்படியே கணினியில் ஆராயலாம். கைப்பேசியின் எழுத்து அளவைக் கடைசி வரை பெரிதாக்கியும் ஒருமுறை பாருங்கள்.

## திருத்தும்போது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றியதும் கெட்ட கருவியில் மட்டும் பார்த்து விட்டுவிடாமல், நன்றாக இருந்த கருவிகளிலும் பாருங்கள். குறைந்தது ஆண்ட்ராய்டு குரோம், விண்டோஸ் ஃபயர்ஃபாக்ஸ், ஒரு ஐபோன்.

பிரவுசரின் பெயரைப் படித்து அதற்கென்று தனி சிஎஸ்எஸ் கொடுக்கும் வழிக்குப் போகாதீர்கள். குரோம் தன்னை அறிமுகப்படுத்தும் வரியிலேயே மொஸில்லா, சஃபாரி என்ற பெயர்களும் இருக்கும். ஐபோனில் குரோம் எது, சஃபாரி எது என்று பிரிப்பதாலும் பயனில்லை.

நெடுவரிசை ஓரத்தில் ஒரு பிக்சல் முன்பின் இருந்தால் விட்டுவிடுங்கள். பிளிங்கும் வெப்கிட்டும் ஒரு பிக்சலை 64ஆகப் பிரித்துக் கணக்கிடுகின்றன, கெக்கோ 60ஆகப் பிரிக்கிறது. 33.33 சதவிகிதம் என்று மூன்று பங்கு போட்டால் அந்த மிச்சம் எங்காவது தெரியத்தான் செய்யும். பொத்தானின் ஓரம், தேதிக் கட்டத்தின் தோற்றம் ஒவ்வொரு கருவியிலும் வேறாக இருப்பதும் தவறில்லை. அவரவர் தம் கைப்பேசியில் பழகிய தோற்றம் அது.

திருத்திய கோப்பை ஏற்றும்போது அதன் பெயரிலோ இணைப்பின் பின்னாலோ புது எண் சேருங்கள். இல்லையென்றால் குழுவில் பாதிப் பேர் பழைய கோப்பையே பார்த்துக்கொண்டு “இன்னும் அப்படியேதான் இருக்கு” என்பார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும், சரியாக எழுதிய பத்து வரி ஒரு என்ஜினில் மட்டும் கெட்டால், அது அந்த என்ஜினின் பிழையாகவே இருக்கலாம். பாதி பாதியாக நீக்கிச் சுருக்கிய அந்தச் சிறு கோப்பை இப்போது எடுங்கள். பிழையைப் பதியும் தளம் ஃபயர்ஃபாக்ஸுக்கும் வெப்கிட்டுக்கும் பக்ஸில்லா, குரோமுக்குக் குரோமியம் இஷ்யூ டிராக்கர். யாரும் பதியலாம். கோப்போடு ஸ்கிரீன்ஷாட், பதிப்பு எண், எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று சேர்த்துப் பதியுங்கள். தமிழ் எழுத்து வெட்டுப்படுவதோ சொல் தவறான இடத்தில் உடைவதோ என்றால் எழுத்துருவின் பெயரையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஒரு பொறியாளர் அதைத் திறந்து பார்ப்பார் என்பதால், எந்த எழுத்து எப்படி வந்திருக்க வேண்டும் என்று படத்தில் வட்டமிட்டுக் காட்டிவிடுங்கள்.